பி.காம். புள்ளியியல் தாள்: மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம்., பி.பி.ஏ. சேருகிறவர்கள் எப்படியும் ஒரு ‘பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ தாளைத் தாண்டியாக வேண்டும். சில இடங்களில் அது தனித்தாள், சில இடங்களில் வணிகக் கணிதத்தோடு ஒட்டிய அல்லைடு தாள். இந்தத் தாளை நடத்துகிறவன் என்பதால் வகுப்பிலும் வராந்தாவிலும் பிள்ளைகள் கேட்பதையெல்லாம் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் சற்று மாறியிருக்கலாம். துறையில் தரும் சிலபஸ் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிளஸ் டூவில் கணக்கே எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் குரூப். இந்தத் தாளில் பாஸ் ஆவேனா?

ஆவீர்கள். இது கணிதத் தாள் என்ற பயம்தான் பாதிப் பேரைக் கவிழ்க்கிறது. இதில் தேற்றமும் இல்லை, நிறுவலும் இல்லை, நுண்கணிதமும் இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம் ஆகியவைதான் மொத்தச் சரக்கு. அதையும் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை இரண்டு: பத்திகளைப் பிசகாமல் போடுவது, வந்த விடை என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதுவது. பேரேடு போட்டுப் பழகிய காமர்ஸ் பிள்ளைகளுக்கு முதல் வேலை கைவந்த கலை. பிளஸ் டூவில் கணக்கு எடுத்து வந்தவர்களில் சிலர்தான், ‘இது தெரிந்ததுதானே’ என்று டேபிளையே போடாமல் விடை எழுதி மார்க்கை இழக்கிறார்கள்.

என்னென்ன பாடம் வரும்?

பொதுவாக ஐந்து யூனிட். தரவு சேகரிப்பு, அட்டவணை, வரைபடத்தோடு சராசரிகள், சிதறல் அளவைகள், ஒட்டுறவும் தொடர்புப் போக்கும், குறியீட்டு எண்கள், காலம்சார் தொடர்வரிசை. சில பல்கலைக்கழகங்களில் நிகழ்தகவும் கை வர்க்கச் (கை-ஸ்கொயர்) சோதனையும் சேரும்.

தமிழ் வழியில் படித்தவன். இங்கே எல்லாம் ஆங்கிலப் பெயர். எது எது?

கூட்டுச் சராசரிதான் மீன், இடைநிலை அளவுதான் மீடியன், முகடுதான் மோட். திட்டவிலக்கம் என்றால் ஸ்டாண்டர்டு டீவியேஷன், மாறுபாட்டுக் கெழு என்றால் கோஎஃபிஷியன்ட் ஆஃப் வேரியேஷன். ஒட்டுறவு கோரிலேஷன், தொடர்புப் போக்கு ரிக்ரெஷன், குறியீட்டு எண் இண்டெக்ஸ் நம்பர், காலம்சார் தொடர்வரிசை டைம் சீரிஸ். இதை ஒரு பக்கத்தில் எழுதி நோட்டின் முதல் அட்டையில் ஒட்டிவிடுங்கள். கணக்கு இரண்டு மொழியிலும் ஒன்றே. தமிழில் தேர்வு எழுத அனுமதி இருக்கும் கல்லூரியில் தயங்காமல் தமிழிலேயே எழுதலாம்.

எந்தக் கால்குலேட்டர் வாங்குவது?

நிரல் எழுத முடியாத சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். பல வகுப்புகளில் புழங்குவது கேசியோ எஃப்எக்ஸ்-82 எம்எஸ். விலை அதிகமான மாடலில் அனுமதிச் சிக்கல் வரலாம். தேர்வு அறையில் எது ஆகும் என்று துறையில் முன்னரே கேட்டுவிடுங்கள். ஒன்று வாங்கினால் மூன்று ஆண்டும் அதையே வைத்திருங்கள். தேர்வு அன்று நண்பனிடம் இரவல் வாங்கிய கால்குலேட்டரில் பொத்தான் தேடுவது போன்ற கொடுமை வேறில்லை.

இந்த மாடலில் திட்டவிலக்கம் காணும் வழியைச் சொல்லிவிடுகிறேன். மோட் அழுத்தி 2 தட்டினால் எஸ்.டி. நிலைக்கு வரும். ஷிப்ட், மோட், 1, சமம் என்று வரிசையாகத் தட்டினால் பழைய தரவு அழியும். இதை மறந்தால் போன கணக்கின் எண்களும் சேர்ந்து கூட்டப்பட்டு விடை எங்கேயோ போய் நிற்கும். பிறகு ஒவ்வொரு எண்ணாகத் தட்டி எம் பிளஸ் அழுத்துங்கள். அலைவெண் (ஒரு எண் எத்தனை முறை வருகிறது என்பது) இருந்தால் எண்ணை அடித்து, ஷிப்ட் அழுத்திக் கமா பொத்தானைத் தட்டினால் அரைப்புள்ளி விழும், அதன்பின் அலைவெண், அதன்பின் எம் பிளஸ். எல்லாம் முடிந்ததும் ஷிப்ட் 2 தட்டினால் மூன்று தேர்வுகள் வரும்: 1 சராசரி, 2 முழுத்தொகுதியின் (பாப்புலேஷன்) திட்டவிலக்கம், 3 கூறின் (சாம்பிள்) திட்டவிலக்கம்.

கால்குலேட்டரே விடையைத் தருகிறதே, அப்புறம் எதற்கு டேபிள் போட வேண்டும்?

மார்க் டேபிளுக்குத்தான் விழுகிறது. பத்து மார்க் கணக்கைத் திருத்துகிறவர் வாய்பாட்டுக்கு இவ்வளவு, அட்டவணைக்கு இவ்வளவு, பிரதியிடுவதற்கு இவ்வளவு, விடைக்கு இவ்வளவு என்று பிரித்துத்தான் போடுவார். வெறும் விடையை எழுதினால் கடைசிப் பங்கு மட்டும்தான் கிடைக்கும். டேபிளைச் சரியாகப் போட்டுக் கடைசியில் கூட்டலில் தவறினாலோ பெரும்பகுதி மார்க் தப்பிவிடும். கால்குலேட்டரின் எஸ்.டி. நிலையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். டேபிளில் வந்த விடையும் அதில் வந்த விடையும் ஒன்றானால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

சராசரி தெரிந்தால் போதாதா? இந்தத் திட்டவிலக்கம் எதற்கு?

இரண்டு ஜவுளிக் கடைகள். ஐந்து நாள் விற்பனை, ஆயிரம் ரூபாயில். முதல் கடை: 40, 42, 38, 41, 39. இரண்டாவது கடை: 60, 30, 55, 25, 30. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 200, சராசரி 40. சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே கடை மாதிரி.

இப்போது சராசரியிலிருந்து விலக்கங்களை எடுங்கள். முதல் கடைக்கு 0, 2, −2, 1, −1. வர்க்கங்களின் கூட்டல் 10, ஐந்தால் வகுத்தால் 2, அதன் வர்க்கமூலம் 1.41. இரண்டாவது கடைக்கு 20, −10, 15, −15, −10. வர்க்கங்களின் கூட்டல் 1050, ஐந்தால் வகுத்தால் 210, வர்க்கமூலம் 14.49. திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு: முதல் கடைக்கு 3.5 சதவீதம், இரண்டாவதற்கு 36.2 சதவீதம்.

கடன் கொடுக்கிற வங்கி மேலாளராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் தவணை கட்ட வேண்டிய கடனை முதல் கடைக்குத் தயங்காமல் கொடுப்பீர்கள். இரண்டாவது கடைக்காரரிடம் ஏன் ஒரு நாள் 60, மறுநாள் 30 என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் திட்டவிலக்கத்தின் வேலை. தேர்வில் ‘மாறுபாட்டுக் கெழு குறைவாக இருப்பதால் முதல் கடையின் விற்பனையே சீரானது’ என்று ஒரு வரி எழுதாமல் 3.5, 36.2 என்று நிறுத்திவிட்டால் கணக்கு பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

திட்டவிலக்கம் காண எண்ணிக்கையால் வகுப்பதா, ஒன்று குறைத்து வகுப்பதா? இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொல்கிறதே.

பி.காம். தாளில், வேறு மாதிரி சொல்லாதவரை, எண்ணிக்கையால் வகுங்கள். கூறிலிருந்து முழுத்தொகுதியை மதிப்பிடும்போதுதான் ஒன்று குறைப்பது, எம்.காம். பக்கம் போனால் அது அதிகம் வரும். எக்செல்லிலும் இதே பிரிவு உண்டு: எஸ்டிடெவ் டாட் பி என்பது எண்ணிக்கையால் வகுப்பது, எஸ்டிடெவ் டாட் எஸ் ஒன்று குறைத்து வகுப்பது. வேலைக்குப் போன இடத்தில் எதைத் தட்டினோம் என்று தெரியாமல் அறிக்கை அனுப்புகிறவர்கள் ஏராளம்.

தொடர்புப் போக்கில் ஏன் இரண்டு கோடு? ஒன்று போதாதா?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலானோர் கேட்காமலேயே இரண்டு வாய்பாட்டையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

விளம்பரச் செலவு எக்ஸ்: 1, 2, 3, 4, 5. விற்பனை ஒய்: 2, 4, 5, 4, 5. எக்ஸின் சராசரி 3, ஒய்யின் சராசரி 4. விலக்கங்களைப் பெருக்கிக் கூட்டினால் 6. எக்ஸ் விலக்கங்களின் வர்க்கக் கூட்டல் 10, ஒய்யினுடையது 6. விளம்பரத்தை வைத்து விற்பனையைக் கணிக்கும் கோட்டின் சரிவு 6-ஐ 10-ஆல் வகுக்க 0.6. விற்பனையை வைத்து விளம்பரத்தைக் கணிக்கும் கோட்டின் சரிவு 6-ஐ 6-ஆல் வகுக்க 1.

முதல் கோடு, விளம்பரம் தெரிந்தால் விற்பனையில் வரும் பிழையை மிகக் குறைக்கிறது. இரண்டாவது கோடு விளம்பரத்தில் வரும் பிழையைக் குறைக்கிறது. எதைக் கணிக்கிறோமோ அந்தப் பக்கத்துப் பிழையைத்தான் குறைக்க முடியும், ஆகவே கோடு இரண்டு. எல்லாப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இங்கே ஒரு சோதனை இருக்கிறது, விடாதீர்கள். இரண்டு சரிவுகளின் பெருக்கல் 0.6, அதன் வர்க்கமூலம் 0.77. அதுதான் இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு. பெருக்கல் ஒன்றைத் தாண்டினாலோ, ஒன்று கூட்டல் குறியிலும் மற்றது கழித்தல் குறியிலும் வந்தாலோ எங்கோ தவறு, திரும்பிப் போய்ப் பாருங்கள். ‘இரண்டு சமன்பாடு கொடுத்திருக்கிறது, எது எதன் மேல் என்று கண்டுபிடி’ என்ற கேள்விக்கும் இதே சோதனைதான் திறவுகோல். ஒன்றை எக்ஸைக் கணிக்கும் கோடு என்றும் மற்றதை ஒய்யைக் கணிக்கும் கோடு என்றும் வைத்துப் பார்த்து, சரிவுகளின் பெருக்கல் ஒன்றைத் தாண்டினால் மாற்றி வையுங்கள்.

அப்புறம், 0.77 வந்துவிட்டதாலேயே விளம்பரம்தான் விற்பனையைக் கூட்டியது என்று எழுதாதீர்கள். விற்பனை நன்றாக நடக்கும் கடைதான் விளம்பரத்துக்குக் காசு ஒதுக்கும் என்பதும் நடக்கக்கூடியதே.

ரேங்க் கோரிலேஷனில் இரண்டு பேருக்கு ஒரே மார்க் வந்தால்?

அவர்களுக்குச் சேர வேண்டிய ரேங்குகளின் சராசரியைக் கொடுங்கள். மூன்றாவது, நான்காவது இடத்தில் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 3.5, அடுத்தவர் 5. ஒவ்வொரு சமநிலைக்கும் ரேங்க் வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டலோடு ஒரு திருத்த உறுப்பைச் சேர்க்க வேண்டும்: சமமாக நிற்பவர்கள் இரண்டு பேர் என்றால் 0.5, மூன்று பேர் என்றால் 2. ரேங்க் வித்தியாசங்களின் கூட்டல் பூஜ்யம் வராவிட்டால் மேலே போகாதீர்கள், ரேங்கே தப்பு.

குறியீட்டு எண் பாடம் சுத்தப் போர். வாழ்க்கையில் எங்காவது பயன்படுமா?

அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் சாப்பாட்டு நேரத்திலேயே இந்தப் பாடம் ஓடும். அகவிலைப்படி ஏறுகிறது என்றால் அது விலைவாசி ஏற்றத்தைக் காட்டும் குறியீட்டு எண் ஏறியதால்தான். ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசு ஊழியர்களுக்கான கணக்கு இது: தொழிலாளர் பணியகம் (லேபர் பீரோ) 2016-ஐ 100 என வைத்து மாதாமாதம் வெளியிடும் தொழிற்சாலைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டை 2.88-ஆல் பெருக்கிப் பழைய 2001 தொடருக்கு மாற்றுவார்கள். 12 மாதச் சராசரி எடுத்து, அதில் அடிப்படை எண்ணான 261.42-ஐக் கழித்து, 261.42-ஆலேயே வகுத்து, நூறால் பெருக்குவார்கள். சராசரி 144 என்று வைத்துக்கொண்டால் 414.72 வரும். கழித்தால் 153.30, வகுத்துப் பெருக்கினால் 58.64. தசமத்தை விட்டுவிட்டு 58 சதவீதம். தமிழக அரசும் பெரும்பாலும் அதே விகிதத்தைத்தான் பின்பற்றும். அப்பாவின் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு இந்த யூனிட்டைத் திறங்கள், போர் அடிக்காது.

லாஸ்பியர், பாஷே, ஃபிஷர். குறியீட்டு எண் காணும் இந்த மூன்று முறையும் குழம்புகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அரிசி அடிப்படை ஆண்டில் கிலோ 50 ரூபாய், 20 கிலோ வாங்கினார்கள். இப்போது 60 ரூபாய், 18 கிலோ. எண்ணெய் அப்போது லிட்டர் 100 ரூபாய், 4 லிட்டர். இப்போது 150 ரூபாய், 3 லிட்டர்.

லாஸ்பியர் பழைய பையைக் கையில் வைத்துக்கொள்கிறார்: அன்று வாங்கிய அளவை இன்றைய விலையில் வாங்கினால் 1800, அன்றைய விலையில் 1400. குறியீடு 128.57. பாஷே இன்றைய பையை எடுத்துக்கொள்கிறார்: இன்றைய அளவு இன்றைய விலையில் 1530, அன்றைய விலையில் 1200. குறியீடு 127.50. விலை அதிகமாக ஏறிய எண்ணெயைத்தான் வீட்டில் அதிகமாகக் குறைத்திருக்கிறார்கள், அதனால் பாஷே குறைவாகக் காட்டுகிறது. ஃபிஷர் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறார்: 128.03. கால மாற்றுச் சோதனை (ஆண்டுகளை மாற்றிப் போட்டாலும் ஒத்துவருகிறதா என்பது), காரணி மாற்றுச் சோதனை (விலையையும் அளவையும் மாற்றிப் போட்டாலும் ஒத்துவருகிறதா என்பது) இரண்டையும் தாண்டுவதால் அதற்குச் ‘சிறந்த குறியீடு’ என்று பெயர்.

அப்படியானால் அரசு ஏன் அதைப் பயன்படுத்தாமல் லாஸ்பியர் முறையில் நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கணிக்கிறது? பாஷேவுக்கும் ஃபிஷருக்கும் ஒவ்வொரு மாதமும் மக்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்ற கணக்கு வேண்டும். அவ்வளவு பெரிய செலவுக் கணக்கெடுப்பை மாதாமாதம் நடத்த முடியாது. விலையை மட்டும் விசாரிப்பது எளிது. லாஸ்பியர் 1871-இலும் பாஷே 1874-இலும் சொன்ன முறைகள் இவை, முந்தையதுதான் இன்றும் கடைக்கணக்குக்கு ஒத்துவருகிறது.

இந்த ஃபிஷர் அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர். 1929 பங்குச் சந்தைச் சரிவில் சொத்தை இழந்தவர். மாறுபாட்டுப் பகுப்பாய்வில் (அனோவா) வரும் ஃபிஷர் இங்கிலாந்துக்காரர், ரொனால்டு ஃபிஷர். விடைத்தாளில் இருவரையும் ஒருவராக்கி எழுதுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

டைம் சீரிஸில் வருடங்கள் இரட்டைப்படையாக வந்தால் திணறுகிறேன்.

போக்குக் கோடு காணும் மீச்சிறு வர்க்க முறையில், ஐந்து ஆண்டு என்றால் நடு ஆண்டைப் பூஜ்யமாக்கி −2, −1, 0, 1, 2. வர்க்கக் கூட்டல் 10. ஆறு ஆண்டு என்றால் −5, −3, −1, 1, 3, 5. வர்க்கக் கூட்டல் 70. இரட்டைப்படையில் அடுத்த ஆண்டுக்கு எக்ஸ் மதிப்பு 7, 6 அல்ல. இந்த ஒரு இடத்தில்தான் மார்க் போகிறது. வரும் சரிவும் அரையாண்டுக்கானது, ஆண்டுக்கு வேண்டுமானால் இரட்டிப்பாக்க வேண்டும்.

பருவகால மாறுபாட்டுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் ஐஸ்கிரீமும் குடையும் எழுதாதீர்கள், அலுத்துவிட்டது. ஆடித் தள்ளுபடியை எழுதுங்கள், பொங்கல் கரும்பை எழுதுங்கள். தீபாவளியை எழுதும்போது கவனம். 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. மாதவாரியாகப் பருவகாலக் குறியீடு போட்டால் ஜவுளிக் கடையின் அக்டோபரும் நவம்பரும் ஆண்டுக்கு ஆண்டு முட்டிக்கொள்ளும். காலாண்டாகப் போட்டால் இரண்டும் ஒரே காலாண்டுக்குள் அடங்கிவிடும். இதை இரண்டு வரியில் எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

முகடு காண, அலைவெண்களை இரண்டிரண்டாக, மும்மூன்றாகக் கூட்டிப் பார்க்கும் தொகுத்தல் அட்டவணை எல்லாம் அவசியமா?

தேர்வுக்கு அவசியம். வெளியே யாரும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

‘முக்கிய வினாக்கள்’ என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பலாமா?

கடந்த ஐந்து ஆண்டு வினாத்தாளை நூலகத்தில் கேளுங்கள், அதைவிட நம்பகமானது கிடையாது. எண்கள் மாறும், வகை மாறாது. திட்டவிலக்கம், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு, ஃபிஷர் குறியீடு, மீச்சிறு வர்க்க முறை ஆகிய ஐந்து வகையையும் கண்ணை மூடிக்கொண்டு டேபிள் போடும் அளவுக்குப் பழகியவர் தேர்ச்சிக் கோட்டை எளிதாகத் தாண்டுவார். தியரியில் வரையறை, நன்மை தீமை கேட்பார்கள், அதற்கு ஒரு மாலை போதும்.

கணக்கைப் படித்துப் பார்ப்பது படிப்பு ஆகாது. தீர்த்து வைத்த கணக்கின் விடையை மூடி, வெறும் கேள்வியை வைத்து முழுதாக எழுதுங்கள். பத்துப் பத்தி டேபிளுக்கு அரைப் பக்கம் போதாது, தாளை அகலவாக்கில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பழகுங்கள். மூன்று மணி நேரத்தில் நேரம் போதவில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் டேபிளை இரண்டு முறை போட்டவர்கள்.

தேர்ச்சிக்கு எவ்வளவு எடுக்க வேண்டும்?

பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. மொத்தத்தில் 40 வேண்டும். எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 75-க்கு 30 வேண்டும் என்ற விதியும் உண்டு. இன்டர்னல் 25-க்கு 25 வாங்கிவிட்டோம், 15 எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட்டே சிக்கல்.

சி.ஏ. படிக்கப் போகிறேன். இது உதவுமா?

நேரடியாக. சி.ஏ. ஃபவுண்டேஷனின் மூன்றாவது தாளில் 100 மார்க்கில் 40 புள்ளியியல். அங்கே கொள்குறி வினா, தவறான விடைக்குக் கால் மார்க் போகும். டேபிள் போட நேரம் இராது. மேலே சொன்ன கால்குலேட்டர் வித்தையும் அங்கே செல்லாது. சயின்டிஃபிக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. சாதாரணக் கால்குலேட்டரில் வர்க்கமூலம் எடுக்கவும் எம் பிளஸ்ஸில் சேர்த்து வைக்கவும் தனியாகப் பழக வேண்டும். வங்கித் தேர்வுகளின் தரவு விளக்கப் பகுதிக்கும் இந்தத் தாளின் முதல் இரண்டு யூனிட் கைகொடுக்கும்.

அரியர் விழுந்துவிட்டது. வீட்டில் சொல்லவில்லை.

முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள், கட்டணம் கட்ட எப்படியும் கேட்க வேண்டிவரும். பிறகு விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கும் வசதி உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால் அதை வாங்குங்கள். எந்தக் கேள்வியில் எந்தப் படியில் மார்க் நின்றது என்று பார்த்தால், முழுப் பாடத்தையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை, இரண்டு யூனிட்டைச் சரிசெய்தால் போதும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நகலை எடுத்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடம் போங்கள். மதிய இடைவேளையில் போனால் உட்கார்ந்து பார்க்க அவருக்கும் நேரம் இருக்கும்.